பொழுது சாயுமுன் கூலி

கேள்வி: என் அம்மா பீடி சுற்றுகிறார். கடையில் கட்டைப் பிரித்துப் பார்த்து, கழிவென்று ஒதுக்கியதற்குக் கூலியைப் பிடித்துக்கொள்கிறார்கள். மிச்சமும் உரிய நாளில் வருவதில்லை. ‘கூலியைப் பொழுது சாயுமுன் கொடு’ என்னும் விவிலியத்தின் உபாகமக் கட்டளையை யூதர்கள் எப்படி விளங்கிக்கொண்டார்கள்? நம் காலத்துக்கு அது பொருந்துமா?
– வாசகி, முக்கூடல்

பதில்: பொருந்தும். உபாகமம் 24-ஆம் அதிகாரம், ஏழை அந்தக் கூலியையே நம்பியிருக்கிறான் என்று காரணம் காட்டுவதோடு, கூலியாள் சொந்த இனத்தவனா அந்நியனா என்று பார்க்கவும் இடம் தரவில்லை. யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூதில் ‘பாவா மெத்சியா’ என்னும் பகுதியில் ரபீக்கள் (யூத மத ஆசான்கள்) இதை விளக்கும்போது, ஒருவன் உயரத்தில் ஏறி, மரத்தில் தொங்கி, சாவுக்கும் துணிவது கூலிக்காக அல்லவா என்று கேட்கிறார்கள். தளைநாரில் கால் கோத்துப் பனையேறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதற்கு உரை வேண்டியதில்லை.

கழிவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு அதே பகுதியில் நேரான ஒரு வழக்கு உண்டு. ரப்பா என்னும் அறிஞரின் திராட்சரசச் சாடியைச் சுமைகூலிகள் உடைத்துவிட, அவர் அவர்களுடைய மேலாடைகளைப் பிடித்துவைத்துக்கொண்டார். அவர்கள் ரவ் என்னும் ஆசானிடம் முறையிட்டபோது, ஆடையைத் திருப்பிக் கொடு என்றார் அவர். ‘இதுதான் சட்டமா?’ என்று ரப்பா கேட்க, ‘ஆம்’ என்று சொல்லி, நல்லவர்களின் வழியில் நடக்கச் சொல்லும் நீதிமொழிகள் 2:20-ஐ எடுத்துக்காட்டினார். நாங்கள் ஏழைகள், நாள் முழுதும் உழைத்துப் பசித்திருக்கிறோம் என்று கூலிகள் சொன்னதும், கூலியையும் கொடு என்றார். இது சட்டமா, சட்டத்துக்கு மேற்பட்ட நன்னடத்தையா என்று பிற்கால உரையாசிரியர்கள் விவாதித்ததுண்டு. ஆனால் ரவ் சேதத்தை மறுக்கவில்லை, அதைப் பசித்தவர் தலையில் கட்ட மறுத்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. கடை கொடுத்த இலையே மட்டமாக இருந்து பீடி கழிவானால், சாடியை உடைத்த அந்தக் கூலிகள் அளவு குற்றம்கூட உங்கள் அம்மாவின் மீது இல்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கூலியாள் கேட்டால்தான் தாமதம் குற்றமாகும் என்கிறது, தல்மூதுக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பாகிய மிஷ்னா. கேட்டால் அடுத்த வாரம் இலை கிடைக்காதென்று அஞ்சுகிறவருக்கு இந்த வரம்பு பாதகமானது என்றே கருதுகிறேன். எனினும், கூலி கொடுத்தாயிற்றா இல்லையா என்று உரிய காலத்துக்குள் வழக்கு எழுந்தால், கூலியாள் சத்தியம் செய்து பெற்றுக்கொள்ளலாம் என்றும் மிஷ்னா இடம் தருகிறது. பலரை வைத்து வேலை வாங்குபவருக்கு மறதி வரும் என்பது தல்மூத் காட்டும் காரணம். ஆகவே கழிவும் கூலியும் வாராவாரம் அம்மாவின் பாஸ் புத்தகத்தில் பதிவாகின்றனவா என்று பாருங்கள். தனியாகக் கேட்க அச்சமென்றால், அதே கடைக்குச் சுற்றும் பெண்கள் சேர்ந்து போய்க் கேட்கட்டும்.