“ரெரா நம்பர் வந்துடும் சார்” என்கிறார் புரோக்கர், அட்வான்ஸ் தரலாமா?

கேள்வி: மேடவாக்கம் பக்கம் 40 வீடுகள் கொண்ட அடுக்குமாடியில் 68 லட்சத்துக்கு ஒரு ஃபிளாட் பார்த்திருக்கிறோம். வேலை நடந்துகொண்டிருக்கிறது. ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு நம்பர் அடுத்த மாதம் வந்துவிடும், இப்போது 10 லட்சம் கொடுங்கள், அக்ரிமென்ட் அப்புறம் போடலாம் என்கிறார் புரோக்கர். அவருக்கு 1% கமிஷன் வேறு. நாளைக்குப் பிரச்சினை வந்தால் அவருக்குப் பொறுப்பு உண்டா?

பதில்: உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பணத்தை இப்போது கொடுக்காதீர்கள்.

நிலம் 500 சதுர மீட்டரைத் தாண்டி, வீடுகளும் எட்டைத் தாண்டினால், ரெராவில் பதியாமல் விளம்பரமே செய்யக்கூடாது, முன்பதிவு எப்படி வாங்க முடியும்? 2016 ரெரா சட்டத்தின் 10-வது பிரிவு புரோக்கரையும் விடவில்லை: பதியாத திட்டத்தை விற்றுத் தரக்கூடாது, தரம் பற்றியோ அனுமதி பற்றியோ பொய் சொல்லக்கூடாது, முன்பதிவின்போது உங்களுக்குச் சேர வேண்டிய விவரங்களும் ஆவணங்களும் கைக்கு வர உதவ வேண்டும். அவரும் ரெராவில் பதிந்திருக்க வேண்டும். அவருடைய பதிவு எண்ணைக் கேட்டு, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடிப் பாருங்கள். எண்ணைச் சொல்லத் தயங்கினால் அந்த ஆளே வேண்டாம்.

மீறினால் நாளுக்கு 10,000 ரூபாய் அபராதம், மொத்தமாக வீட்டு விலையில் 5% வரை போகலாம், உங்கள் கணக்கில் அது 3.4 லட்சம். ஆனால் அந்த அபராதம் அரசுக்குப் போகும், உங்கள் பாக்கெட்டுக்கு வராது. கொடுத்த 10 லட்சத்துக்கு நீங்கள் பில்டரைத்தான் துரத்த வேண்டியிருக்கும், அதில் வருடங்கள் ஓடிவிடும்.

இன்னொன்று, திட்டத்துக்கு ரெரா எண் வந்த பிறகும் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் பில்டர் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது. உங்களுக்கு அது 6.8 லட்சம். 10 லட்சம் கேட்பதே சட்டத்தை மீறியது.

புரோக்கர் உங்கள் ஆள் என்றும் நினைத்துவிடாதீர்கள். பில்டரிடமும் கமிஷன் உண்டா என்று நேராகக் கேளுங்கள், பதிலை வாட்ஸ்அப்பில் வாங்குங்கள். “ரெரா வந்துடும்” என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். பிறகு ரெராவில் புகார் கொடுக்க நேர்ந்தால் (புரோக்கர் மேலேயே கொடுக்கலாம்) வாய்ப்பேச்சை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரீசேல் வீடு வாங்குகிறவர்களுக்கு இந்தப் பாதுகாப்பும் பெரும்பாலும் கிடையாது, அவர்கள் வில்லங்கச் சான்றையும் தாய்ப்பத்திரத்தையும் சொந்த வக்கீலிடம்தான் காட்ட வேண்டும்.

கமிஷனா? கிரயப் பத்திரம் பதிவாகும் அன்று கொடுக்கிறேன் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.