திருந்தாதவனுக்கும் அதே பாட்டு

அன்புள்ள ஐயா,

அப்பா போன பிறகு, அமெரிக்கக் கண்ட்ரி இசைப் பாடகர் வின்ஸ் கில் இறந்தவரை வழியனுப்பிப் பாடும் 'கோ ரெஸ்ட் ஹை ஆன் தட் மவுன்டன்' பாட்டைத் தினமும் கேட்கிறேன். அது சக பாடகர் கீத் விட்லிக்காக எழுதத் தொடங்கியது என்று தெரிந்ததும் ஒரு நெருடல். குடித்தே செத்தவருக்கு இவ்வளவு பெரிய வழியனுப்புதல் பொருந்துமா? மதநம்பிக்கை இல்லாத நான் இதைக் கேட்டு அழுவது சரியா? இதுபோன்ற கண்ட்ரி காஸ்பல் பாட்டுகளை, அதாவது கண்ட்ரி பாணிக் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுகளை, எதிலிருந்து தொடங்கலாம்?

ஆர்.

அன்புள்ள ஆர்,

அப்பா போனதை மூன்றே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். நான் அங்கேயே ரொம்ப நேரம் நின்றுவிட்டேன். தினமும் கேளுங்கள், அழுகை வந்தால் அழுங்கள், அதற்கு யாரிடம் அனுமதி கேட்க வேண்டும்?

ஆனால் அந்தப் 'பொருந்துமா' எனக்குக் கோபத்தை வரவழைத்தது. விட்லி 1989 மே மாதம் இறந்தார், முப்பதுகளின் நடுவில், ரத்தம் முழுக்கச் சாராயம். கில் அப்போது தொடங்கிய பாட்டை முடிக்க முடியாமல் வைத்துவிட்டார். 1993இல் அவருடைய அண்ணன் பாப் மாரடைப்பில் போனார். இளம் வயதில் கார் விபத்தில் மூளை பாதிக்கப்பட்டு, அதன்பின் வாழ்க்கை ஒரு நிலைக்கே வராதவர். அதற்குப் பிறகுதான் பாட்டு முடிந்தது. இருவருமே ஊர் கணக்கில் தேறாதவர்கள். அவர்களுக்காக எழுதிய பாட்டை வைத்துக்கொண்டு தகுதி பார்க்கிறீர்களே!

தகுதி பார்க்காமல் கடவுள் காட்டும் இரக்கம்தான் கிருபை, அந்தச் சொல்லை நாம் நன்னடத்தைப் பரிசு மாதிரி ஆக்கிவிட்டோம். உழைத்தவனுக்குக் கொடுக்கும் கூலி கிருபை ஆகாது, அது கடன் என்று பைபிளில் ரோமருக்கு எழுதும்போது பவுல் சொல்கிறார். இன்னொரு கண்ட்ரி பாடகர் ஜார்ஜ் ஜோன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். குடியால் கச்சேரிகளுக்கே வராமல் போய்க் கெட்ட பெயர் வாங்கிய மனிதர், 1999இல் காரை மோதிச் சாகக் கிடந்து எழுந்தபின் குடியை விட்டார். 2013இல் அவர் இறந்தபோது நாஷ்வில்லில் கண்ட்ரி இசையின் பெரிய மேடையான கிராண்ட் ஓல் ஓப்ரி அரங்கில் கில் இதே பாட்டைத்தான் பாடினார். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. கை மட்டும் கிட்டாரை விடவில்லை, பக்கத்தில் நின்ற பாடகி பேட்டி லவ்லெஸ் பாட்டைத் தூக்கிக்கொண்டு போனார். திருந்திய ஜோன்ஸுக்கும் திருந்த நேரமே கிடைக்காத விட்லிக்கும் ஒரே பாட்டு, ஒரு சொல் கூடக் குறையவில்லை. இதற்கு மேல் நான் என்ன விளக்கம் சொல்ல?

வேறு பாட்டு கேட்டீர்களே, பழைய கண்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் 'ஐ சா த லைட்' கேளுங்கள். வெளிச்சத்தைக் கண்டேன் என்று பாடியவர், குடியும் மருந்துமாக 29 வயதில் போய்விட்டார். அதனால் அந்தப் பாட்டு பொய்யாகிவிடுமா?

என் சித்தப்பா சைக்கிள் கடை வைத்திருந்தார். சாயங்காலம் ஆனால் டீ கிளாஸைப் பிடிக்க முடியாத கை, காலையில் ரிம்மைச் சுழலவிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஸ்போக் ஸ்போக்காகத் திருகிக் கோட்டம் எடுக்கும். அவர் போன அன்று பந்தலில் உட்கார்ந்து அவர் பாக்கி வைத்த கடனை எண்ணினார்கள், 'போய்ச் சேர்ந்ததே நல்லது' என்றார் ஒருவர். எனக்கு அப்போது பதினைந்து வயது. நானும் தலையாட்டினேன். வாசலில் நின்ற பாதி சைக்கிள்கள் அவர் கோட்டம் எடுத்தவை.