மடித்தால் சேராத பூ

அன்புள்ள ஐயா,

என் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். ஒரு படத்தை இரண்டாக மடித்து, ஒரு பாதி இன்னொரு பாதியின் மேல் அப்படியே பொருந்தினால் அது சமச்சீர் என்று படித்துவிட்டு வந்து, வீட்டில் இருப்பதையெல்லாம் சோதித்துக்கொண்டிருந்தாள். நந்தியாவட்டையில் வந்து நின்றுவிட்டாள். "எப்படி மடிச்சாலும் சேரலம்மா, இதுக்குச் சமச்சீர் கிடையாது" என்கிறாள். பூ அவ்வளவு ஒழுங்காக இருக்கிறதே, அவள் சொல்வது சரியா?

எஸ்., பட்டுக்கோட்டை

அன்புள்ள எஸ்.,

மடித்தால் சேராது என்று உங்கள் மகள் கண்டது முழுக்கச் சரி. சாமிக்கு எத்தனை நந்தியாவட்டை பறித்திருப்போம், நம்மில் யார் இதைக் கவனித்தோம்? ஆனால் சமச்சீரே கிடையாது என்று முடித்ததுதான் கொஞ்சம் அவசரம். ஒரு பொருளை ஏதோ செய்கிறோம், செய்த பிறகும் அது முன்பு இருந்தபடியே தெரிகிறது என்றால் அங்கே சமச்சீர் இருக்கிறது. அந்தச் செய்கை மடிப்பதாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, திருப்புவதாகவும் இருக்கலாம்.

ஒற்றை நந்தியாவட்டை ஒன்றைக் காம்போடு பறித்து, விரலில் மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். ஐந்து இதழ். 360 டிகிரியில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 72 டிகிரி திரும்பியதும் ஒவ்வோர் இதழும் பக்கத்து இதழின் இடத்தில் வந்து உட்காரும். அந்த நேரம் கண்ணை மூடியிருந்தவருக்குப் பூ திரும்பியதே தெரியாது. இது சுழல் சமச்சீர்.

அப்படியானால் மடிப்பு ஏன் சேரவில்லை? ஒரே ஓர் இதழை மட்டும் உற்றுப் பாருங்கள், ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். காரணம் மொட்டில் இருக்கிறது. மொட்டுக்குள் ஒவ்வோர் இதழும் ஒரு ஓரத்தால் பக்கத்து இதழை மூடிக்கொண்டு, மறு ஓரத்தை அடுத்த இதழுக்கு அடியில் கொடுத்திருக்கும். அதனால்தான் மொட்டு முறுக்கிய திரி மாதிரி இருக்கிறது. விரிந்த பிறகும் அந்தச் சாய்வு போவதில்லை. மடிக்கும்போது வலப்பக்கம் சாய்ந்த இதழ் இடப்பக்கம் சாய்ந்ததாக மாறிவிடுகிறது, பிறகு எப்படிச் சேரும்? சங்குப்பூவை எடுத்தால் நேர் எதிர். நடுவே மடித்தால் சேரும், திருப்பினால் முழுச் சுற்று வந்தால் ஒழியச் சேராது.

தலைக்கு மேல் ஓடும் ஃபேனையும் அவளுக்குக் காட்டுங்கள். எனக்கு இது மிகவும் பிடித்த உதாரணம். மூன்று இறக்கை, 120 டிகிரி திருப்பினால் பழையபடி தெரியும். ஆனால் எல்லா இறக்கையும் ஒரே பக்கமாகச் சரிந்திருப்பதால் கண்ணாடிச் சமச்சீர், அதாவது மடித்தால் சேருகிற வகை, கிடையாது. கிடையாது என்பதால்தான் காற்றே வருகிறது! ஒரு பாதி மறு பாதியின் கண்ணாடிப் பிம்பமாக இருந்தால், ஒரு பக்கத்து இறக்கை காற்றைக் கீழே தள்ளும், மறு பக்கத்து இறக்கை மேலே தள்ளும், நமக்கு ஒன்றும் மிஞ்சாது. சுழல் சமச்சீரும் அங்கே வேலையோடுதான் இருக்கிறது. ஒரு இறக்கை வளைந்துவிட்டால் ஃபேன் எப்படி ஆடுகிறது என்று பார்த்திருப்பீர்கள்.

வாசலில் போடும் சிக்குக் கோலங்களிலும் இந்த இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. கால் சுற்று திருப்பினால் பொருந்தும், ஆனால் மடித்தால் பொருந்தாத கோலங்கள் நிறைய உண்டு. உங்கள் வீட்டுக் கோல நோட்டை அவளிடம் கொடுத்துவிடுங்கள், ஒரு விடுமுறை முழுக்கப் போதும்.

அப்புறம், உங்கள் ஊரில் தென்னைக்குப் பஞ்சமில்லை. தென்னை மட்டைகள் தண்டைச் சுற்றிச் சுற்றி முளைக்கின்றன. சில மரங்களில் அந்தச் சுற்று இடஞ்சுழி, சிலவற்றில் வலஞ்சுழி. ஒன்று மற்றொன்றின் கண்ணாடிப் பிம்பம். டி. ஏ. டேவிஸ் என்ற இந்திய ஆய்வாளர் 1960களில் இதை ஏராளமான மரங்களில் எண்ணிப் பார்த்தார். இரண்டு வகையும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி இருந்தன. இந்தச் சுழி தாய்மரத்திலிருந்து வருவதில்லை என்பதையும் கண்டார். இடஞ்சுழி மரத்தின் நெற்றிலிருந்து வலஞ்சுழிக் கன்றும் முளைக்கும்.

நந்தியாவட்டையில் எல்லாப் பூவும் ஒரே பக்கமாகத்தான் முறுக்கியிருக்கும். செம்பருத்தி அப்படியில்லை, ஒரே செடியில் இரண்டு விதமும் பூக்கும். நாளைக் காலையில் உங்கள் மகள் செம்பருத்திச் செடியிடம் போய் எண்ணட்டும். எந்தப் பக்கம் எத்தனை என்று எனக்கு எழுதுங்கள்.