மெஷின் கொளத்தூருக்கு வராது

போன சனிக்கிழமை சென்னை கொளத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வேலை பற்றி ஆலோசனை கேட்க என்னிடம் வந்தது. அப்பா, அம்மா, பெரியப்பா, கடைசியில் பெண். பெரியப்பா நடு நாற்காலியில் உட்கார்ந்ததுமே யார் பேசப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. பெண் பி.இ. பயோமெடிக்கல் முடித்தவள். டயாலிசிஸ் மெஷின் விற்கும் கம்பெனி ஒன்றில் ஃபீல்டு சர்வீஸ் இன்ஜினீயர் வேலை வந்திருக்கிறது. ஆஃபீஸ் கிண்டியில்தான். ஆனால் மாதத்தில் 12, 15 நாள் வெளியூர், அதுவும் தனியாக.

"வயசுப் பொண்ணு பையைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா லாட்ஜ்ல தங்கணுமா? இதுக்கா படிக்க வெச்சோம்?" என்றார் பெரியப்பா. அவர் கையில் ஒரு ஃபோல்டர். லண்டனில் ஒரு வருட மேனேஜ்மென்ட் படிப்பு. ஏஜென்சி போட்டுக் கொடுத்த மொத்தச் செலவு 22 லட்சம்.

அதுவரை நானும் வழக்கம்போல "கவலைப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தத் தொகையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டேன். இதே ஃபோல்டர் இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்பதால் அன்று சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன்.

22 லட்சம் கடன், 10 சதவீத வட்டி, 10 வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 29,000 ரூபாய். கட்டி முடிக்கும்போது 35 லட்சத்தை நெருங்கியிருக்கும். படிக்கும் காலத்தில் ஏறுகிற வட்டி தனி. 7.5 லட்சத்துக்கு மேல் போனால் அரசு வங்கிகள் பெரும்பாலும் சொத்து அடமானம் கேட்கும். இவர்களிடம் இருப்பது ஒரே ஒரு ஃபிளாட், அதுவும் அப்பா போன வருடம்தான் கடனை அடைத்து மீட்டது. அந்தப் பத்திரத்தை மறுபடி வங்கியில் வைக்கக் கூடாது என்று நேராகவே சொன்னேன். பெண்ணே கேட்காத படிப்புக்கு நிச்சயமாகக் கூடாது.

அப்புறம் ஒன்று கேட்டேன். லண்டனுக்குத் தனியாக அனுப்பலாம், ராமநாதபுரத்துக்கு அனுப்பக்கூடாதா? பெரியப்பா தண்ணீர் கேட்டார்.

வங்கித் தேர்வு, டிஎன்பிஎஸ்சி, ஐ.டி. என்றும் பேச்சு வந்தது. அதையெல்லாம் சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் விட்டுவிடுகிறேன்.

பெண்ணிடம் திரும்பினேன். அவள் பையிலிருந்து ஒரு குட்டி நோட்டை எடுத்தாள். இன்டர்ன்ஷிப்பில் ஒரு டயாலிசிஸ் யூனிட்டில் இருந்தபோது எழுதியது. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "கண்டக்டிவிட்டி லோ அலாரம். பி கேன் காலி. மாற்றியதும் சரி. மெஷின் மேல் தப்பில்லை." கண்டக்டிவிட்டி என்பது மெஷினில் ஓடும் திரவத்தில் உப்பு எவ்வளவு என்று காட்டும் அளவு, பி கேன் என்பது அதில் கலக்கும் பைகார்பனேட் கரைசல் கேன். நாற்பது பக்கமும் இதே மாதிரி. யாரும் எழுதச் சொல்லவில்லையாம். இதைவிடப் பெரிய ஆப்டிடியூட் டெஸ்ட் என்னிடம் இல்லை.

அப்பாவுக்கு அந்த வேலை என்னவென்றே தெரியவில்லை, "மெக்கானிக் மாதிரியா சார்?" என்றார். ஒரு விதத்தில் ஆமாம். டயாலிசிஸ் மெஷினில் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் திரவம் நிமிடத்துக்கு 500 மில்லி ஓடும். ஒருமுறை உட்கார்ந்தால் 4 மணி நேரம், ஆக 120 லிட்டர். நாம் ஒரு நாளில் குடிப்பது இரண்டு, மூன்று லிட்டர். நோயாளியின் ரத்தத்துக்கும் அந்த 120 லிட்டருக்கும் நடுவில் இருப்பது மெல்லிய சவ்வு மட்டுமே. தண்ணீரில் குளோரின் மிச்சமிருந்தால் ரத்த அணுக்கள் உடையும். அதனால் கார்பன் ஃபில்டர், ஆர்.ஓ. பிளான்ட் எல்லாம் சரியாக ஓட வேண்டும். உப்புத் தண்ணீர் ஊர்களில் ஆர்.ஓ. மெம்பிரேன் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கண்டக்டிவிட்டி 14 மில்லிசீமென்ஸை ஒட்டி நிற்க வேண்டும், சூடு 36, 37 டிகிரியில். இதையெல்லாம் மீட்டர் வைத்துப் பார்த்து, சரிசெய்து, சர்வீஸ் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிற ஆள்தான் இவள். சில மாதங்களுக்கு ஒருமுறை பி.எம். என்கிற பராமரிப்பு, புது மெஷின் வந்தால் இன்ஸ்டலேஷன், நின்றுபோனால் பிரேக்டவுன் கால். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸ் வேண்டியவர்கள் காத்திருக்கும்போது மெஷினைக் கழற்றிக் கொளத்தூருக்கு அனுப்பமாட்டார்கள். ஆள்தான் போக வேண்டும்.

நான்கைந்து வருடம் இப்படி அலைந்தவருக்குப் பெரிய மருத்துவமனைகளின் பயோமெடிக்கல் பிரிவில் நல்ல மதிப்பு உண்டு. மருத்துவமனைத் தரத்துக்கான என்.ஏ.பி.எச். அங்கீகாரம் வேண்டுமென்றால் ஒவ்வொரு கருவிக்கும் பராமரிப்புப் பதிவு காட்டியாக வேண்டுமே. அதற்குமேல் அலைய வேண்டாம் என்று தோன்றினால் அங்கே உட்காரலாம்.

கஷ்டமும் இருக்கிறது. சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்காது. தீபாவளிக்கு முந்தைய நாள் கால் வரும். மெஷின் நின்ற கோபத்தை எல்லோரும் இவள் மேல்தான் காட்டுவார்கள். இது பிடிக்காத பிள்ளையை இந்த வேலைக்கு நானே அனுப்பமாட்டேன்.

சேருமுன் ஹெச்.ஆரிடம் கேட்க வேண்டியதை எழுதிக் கொடுத்தேன். முதல் மூன்று மாதம் சீனியரோடு அனுப்புவார்களா? ரூம் கம்பெனியே போடுமா, நாம் போட்டு கிளெயிம் செய்யணுமா? அட்வான்ஸ் உண்டா, பேட்டா எவ்வளவு? ராத்திரி 9 மணிக்குமேல் ஓர் ஊரில் போய் இறங்கும்படி டூர் போடுவார்களா? இத்தனை வருடம் வேலையை விடக்கூடாது என்கிற பாண்டு இருக்கிறதா? ஒரிஜினல் சர்டிஃபிகேட் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் போதும். பதில்களை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்ன பேட்டா மாசக் கடைசியில் காணாமல் போகும். என் முதல் வேலையில் எனக்கே போனது.

அம்மாவின் கவலை ரயிலும் ரூமும்தான். மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களின் ஸ்லீப்பரில் பெண்களுக்கென்று 6 பெர்த் தனிக் கோட்டா உண்டு. வயது வரம்பில்லை, தனியாகப் போகிறவருக்கும் கிடைக்கும். டிக்கெட் போடும்போது லேடீஸ் கோட்டா என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பி.எம். டூர் முன்பே தெரியும் என்பதால் 60 நாள் முன்னாடியே போட்டுவிடலாம். பிரேக்டவுன் என்றால் தட்கல்: ஏசிக்கு முந்தின நாள் காலை 10 மணி, ஸ்லீப்பருக்கு 11. ரயிலில் தொந்தரவென்றால் 139. வெளியூரில் தங்க அரசின் தோழி விடுதிகள் சில ஊர்களில் இருக்கின்றன, திருச்சி, வேலூர், ஓசூர் மாதிரி. மாதக் கணக்கில்லாமல் ஒன்றிரண்டு நாளும் தங்கலாம். ஆனால் இடம் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். லாட்ஜ் என்றால் ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரத்தில், ரிசப்ஷனில் ராத்திரியும் ஆள் இருக்கிற இடமாகப் பார்க்கட்டும். எது நல்ல இடம் என்று அங்கே உள்ள டயாலிசிஸ் டெக்னீசியனையோ சிஸ்டரையோ கேட்டால் போதும். எந்த ஆப்பையும்விட அவர்கள் சொல்வது சரியாக இருக்கும்.

கிளம்பும்போது அப்பா மட்டும் தயங்கி நின்றார். முதல் டூர் மதுரைக்காம், சீனியர் அங்கேயே வந்து சேர்ந்துகொள்வாராம். "நானும் கூடப் போயிட்டு வந்துடட்டுமா சார்?" என்றார். எழும்பூர் வரைக்கும் போங்கள், பிளாட்பாரம் டிக்கெட் 10 ரூபாய்தான் என்றேன். அவள் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே சிரித்தாள்.