தினப்படி சேதி – ஒரு கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

உங்க கதைகளை நாலஞ்சு வருஷமா படிக்கிறேன், எழுதறது இதான் முதல் தடவை, தப்பிருந்தா மன்னிச்சிக்கோங்க. எனக்கும் கதை எழுதணும்னு ஆசை. யூட்யூப்ல எதைத் தொறந்தாலும் தினமும் ஜர்னல் எழுதுங்க, கிரியேட்டிவிட்டி தானா வளரும்னு சொல்றாங்களேனு ஜனவரில அறுநூறு ரூபா குடுத்து ஒரு நோட்டு வாங்கி, காலைல அஞ்சு மணிக்கு எழுந்து மூணு பக்கம் எழுத ஆரம்பிச்சேன். முதல் வாரம் நல்லா போச்சு. அப்புறம் பொரட்டிப் பாத்தா பக்கத்துக்குப் பக்கம் ஒரே புலம்பல். மூணாவது வாரம் "இன்னைக்கு ஒண்ணும் நடக்கல"னு எழுதி மூடினது தான், பீரோல துணிக்கடியில கிடக்கு (யாராவது படிச்சிடுவாங்களோன்னு வேற பயம்). நெசமாவே டைரி எழுதினா கற்பனை வளருமா சார்? வீட்டோட இருக்கற என்னை மாதிரி ஆளுங்களுக்கு எழுத என்ன இருக்கு? இதைக்கூட மொட்டை மாடில வடகத்துக்குக் காவல் உக்காந்துட்டு தான் டைப் பண்றேன், காக்கா வராம இருக்க மாமியார் என்னோட பழைய வக்கீல் கோட்டை ஒரு கொம்புல மாட்டி மண் வாளில நட்டு வெச்சிருக்காங்க, நான் கோர்ட்டுக்குப் போயி நாலு வருஷமாச்சு. சரி அது கிடக்கட்டும். நேரம் இருந்தா பதில் போடுங்க.

– ஒரு வாசகி, ஈரோடு

*

வணக்கம்மா,

பேர் போட வேண்டாம்னு கேட்டிருந்தீங்க, போடல.

முதல்ல அந்த காலைல மூணு பக்கம் விஷயம். அது ஜூலியா கேமரூன்னு ஒரு அமெரிக்க எழுத்தாளர் 1992ல வந்த தன்னோட புத்தகத்துல சொன்னது. மனசுல அடைச்சுக்கிட்டு இருக்கறதை வாரி வெளிய கொட்டறதுக்கு தான் அது, முதல் எட்டு வாரம் திரும்பிப் படிக்கவே வேண்டாம்னு அவங்களே சொல்றாங்க, யூட்யூப்காரங்க அதை விட்டுடறாங்க. ஆக உங்க நோட்டுல புலம்பல் தான் வந்துச்சுன்னா நீங்க சரியா தான் பண்ணிருக்கீங்க, தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா அது சாக்கடை அடைப்பு எடுக்கற வேலை. கதை எழுதணும்னா தனியா குடத்துல தண்ணி புடிச்சு வெக்கணும், அது வேற வேலை, ரெண்டையும் ஒரே நோட்டுல பண்ணப் போனா குழப்பம் தான்.

தண்ணி புடிக்கறதுன்னா என்னன்னு தெரியணும்னா பாண்டிச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையைப் பாருங்க. 1736 செப்டம்பர்ல ஆரம்பிச்சு 1761 ஜனவரில சாகற வரைக்கும், இருபத்தஞ்சு வருஷத்துக்கு கொஞ்சம் கம்மி, டைரி எழுதினார். வியாபாரி, பின்னாடி பாண்டிச்சேரி பிரெஞ்சு கவர்னர் டூப்ளே துரைக்கு துபாஷி, அதாவது மொழிபெயர்த்துச் சொல்லி காரியம் பாத்துக் குடுக்கறவர். காதால கேட்டது, கண்ணால பாத்தது, கப்பல் வந்தது போனது, புதுசா என்ன நடந்தாலும் எழுதி வெக்கறேன்னு ஆரம்பத்துலயே சொல்லிட்டு தான் ஆரம்பிக்கிறார், கடைசி வரைக்கும் அதைத் தான் செஞ்சார். எந்தக் கப்பல்ல என்ன சரக்கு, யாருக்கு எத்தனை குண்டு போட்டு மரியாதை பண்ணாங்க, துரை என்ன சொன்னார், அதுக்கு இவர் என்ன பதில் சொன்னார், துரையோட பொண்டாட்டி என்ன குட்டையைக் குழப்பினாங்க (அந்தம்மாவை இவருக்குப் புடிக்காது, மறைக்கவும் இல்ல), எல்லாம் பேச்சுத் தமிழ்ல, மூச்சு விடாம போற வாக்கியத்துல. இலக்கியம் படைக்கிறோம்ங்கற நெனப்பே கிடையாது. நடுவுல விட்டுப்போன நாளும் இருக்கு, அதனால நீங்க மூணு வாரத்துல விட்டதுக்கெல்லாம் வருத்தப்படாதீங்க. அவர் செத்து எண்பத்தஞ்சு வருஷம் கழிச்சு 1846ல தான் அந்த நோட்டுங்க வெளிய தெரிய வந்துச்சு. அதுக்கும் ரொம்பப் பின்னாடி, அதே ஊர்க்காரர் பிரபஞ்சன் அதை ஆதாரமா வெச்சு மானுடம் வெல்லும், வானம் வசப்படும்னு ரெண்டு நாவல் எழுதினார், ரெண்டாவதுக்கு 1995ல சாகித்ய அகாடமி கிடைச்சுது. கப்பலும் குண்டும் ஊர்வம்பும் எழுதி வெச்சிருந்ததால தான் நாவல் வந்துச்சு. "இன்று மனம் கனத்தது"ன்னு இருபத்தஞ்சு வருஷம் எழுதியிருந்தா பிரபஞ்சன் அதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணியிருப்பார்?

இதை நான் பட்டுத் தான் தெரிஞ்சுக்கிட்டேன். என்கிட்ட பழைய டைரிங்க ஒரு பெட்டி நெறைய இருக்கு, எல்லாம் உரக்கடையில ஓசியா குடுத்தது, ஒவ்வொரு பக்கத்துக்குக் கீழயும் பூச்சி மருந்து விளம்பரம் இருக்கும். ஒரு வருஷத்து டைரில மட்டும் "மனசு சரியில்லை"ன்னு பதினாலு இடத்துல எழுதிருக்கேன். ஏன் சரியில்ல? சத்தியமா ஞாபகம் இல்ல, பதினாலுல ஒண்ணுக்குக் கூட. அதே டைரில ஒரு நாள் இப்படி இருக்கு: "கண்டக்டர்கிட்ட சில்லறை இல்ல. டிக்கெட் பின்னாடி 3 ரூபா பாக்கினு எழுதிக் குடுத்தார். பாட்டி அதை மடிச்சு சுருக்குப் பையில போட்டுது. எறங்கும்போது கேக்கல. கேளு பாட்டினு நான் சொன்னதுக்கு, அடுத்த வாரமும் இந்த வண்டில தானே வர்றேன்னுச்சு." இப்ப படிச்சாலும் அந்த சுருக்குப் பை கயித்தோட கலர் வரைக்கும் தெரியுது, கலரை நான் எழுதவே இல்ல.

அதுக்கு நாலு பக்கம் தள்ளி இன்னொண்ணு. எங்க தெரு அண்ணாச்சி மளிகைக்கடையை மூடும்போது கடன் நோட்டை அப்படியே பக்கத்து வடைக்கடைக்கு பேப்பரா குடுத்துட்டார். எனக்கு வடை மடிச்சுக் குடுத்த தாள்ல ஒரு டீச்சர் பேரும், துவரம்பருப்பு ஒண்ணரை கிலோ பாக்கியும், அது மேல எண்ணெய்க் கறையும். ரெண்டையும் எழுதும்போது ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் இருக்குன்னு தோணவே இல்ல. ஏழு வருஷம் கழிச்சு வெள்ளையடிக்கறதுக்காக பெட்டியை நகத்தினப்ப சும்மா பொரட்டினேன், பாட்டியோட டிக்கெட்டும் அண்ணாச்சியோட தாளும் ஒரே மூச்சுல கண்ணுல பட்டுச்சு, எழுதி வெச்ச கடன், கேக்காம விட்ட கடன். அன்னைக்கு ராத்திரியே பாதிக் கதை ஆயிடுச்சு. அது எந்தக் கதைன்னு நீங்களே கண்டுபுடிச்சிருப்பீங்க.

அதனால டைரி எழுதினா கற்பனை வளருமான்னு கேட்டா, எழுதினா மட்டும் வளராதுன்னு தான் சொல்லுவேன், மாசத்துக்கொரு தடவை பின்னாடி போய்ப் படிக்கணும், வேலையெல்லாம் அங்க தான் நடக்குது. டைரியே எழுதாம பெரிய கதைகள் எழுதினவங்களும் இருக்காங்க, அவங்களுக்கு ஞாபகசக்தி ஜாஸ்தி. நமக்கு நேத்து சாம்பார்ல என்ன காய்னே ஞாபகம் இருக்கறதில்ல.

அஞ்சு மணிக்கு எழுந்திருக்க வேண்டாம். அறுநூறு ரூபா நோட்டும் வேண்டாம், நல்ல நோட்டுன்னாலே கை நல்லா எழுதப் பாக்கும். அஞ்சு வரி போதும். மத்தவங்க பேசினதை அவங்க பேசின மாதிரியே எழுதுங்க, திருத்தாதீங்க, ஒரு மணி நேரம் போச்சுன்னா அந்த வார்த்தை போயிடும், நம்ம வார்த்தை தான் மிஞ்சும். யாராவது படிச்சிடுவாங்கன்ற பயமும் இதுல பெரும்பாலும் போயிடுது பாருங்க, கண்டக்டர் சில்லறை குடுக்காததைப் படிச்சு யாருக்கு என்ன ஆகப் போகுது. வீட்டு ஆளுங்களைப் பத்தின்னா பேருக்கு பதிலா ஒரு எழுத்து போட்டுக்கோங்க, அது போதுமானு எனக்கு சந்தேகம் தான், அது உங்க வீட்டைப் பொறுத்தது.

கடைசியா ஒண்ணு. ஒண்ணும் நடக்கலன்னு எழுதின நீங்களே, வக்கீல் கோட்டைக் கொம்புல மாட்டி வடகத்துக்குக் காவல் வெச்சிருக்குன்னு எனக்கு எழுதிட்டு "அது கிடக்கட்டும்"னு போயிட்டீங்க. எனக்கு ரெண்டு நாளா அதே ஞாபகமா இருக்கு. பீரோல இருந்து அந்தக் கோட்டை எடுத்துக் குடுத்தது யாரு, நீங்களா அவங்களா? வெள்ளை கழுத்துப்பட்டை அதுலயே இருக்கா, தனியா எடுத்து வெச்சிருக்கீங்களா? மாட்டும்போது அவங்க ஏதாச்சும் சொன்னாங்களா? எனக்கு பதில் எழுத வேண்டாம், நோட்டுல எழுதுங்க. காக்கா வந்துச்சா இல்லையான்னு மட்டும் எனக்கு ஒரு வரி போட்டுடுங்க.