குழந்தைக்குப் போடும் ஊசி பாட்டியை எப்படிக் காக்கும்?

ஆஸ்திரேலியாவின் தொலைதூரப் பழங்குடிக் குடியிருப்புகளில் குழந்தைக்குத் தடுப்பூசி போட்டால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு என்ன பலன் என்று கேட்டிருக்கிறீர்கள். ஊசிக்கு ஊசி பதில் மாறும். டெட்டனஸ் மண்ணிலிருந்து வருவது. அந்த ஊசி போட்டவருக்கு மட்டும்தான் காவல். நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் கிருமியின் கதை வேறு.

அதன் குடியிருப்பே சின்னக் குழந்தைகளின் மூக்குதான். அந்த ஊர்களில் பிறந்த சில வாரங்களிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. நெரிசலான வீட்டில் பேரனின் சளியிலிருந்து பாட்டிக்குப் போகிறது. சர்க்கரையோ சிறுநீரகக் கோளாறோ உள்ள பாட்டிக்கு அது நிமோனியாவாக முற்றும். இந்தக் கிருமியின் 7 வகைகளைத் தடுக்கும் ஊசி 2001-இல் பழங்குடிக் குழந்தைகளுக்கு வந்தது. அதில், கிருமியைச் சுற்றியிருக்கும் சர்க்கரைப் பொருளாலான உறையோடு ஒரு புரதத்தையும் இணைத்திருந்தார்கள். அதனால்தான் அந்த வகைகள் மூக்கில் தங்குவதே குறைந்தது. புரதம் சேர்க்காத பழைய 23 வகை ஊசியால் அது முடியாது.

மற்ற குழந்தைகளுக்கு 2, 4, 12-ஆம் மாதங்களில் ஊசி. பழங்குடிக் குழந்தைகளுக்கு 6-ஆம் மாதத்திலும் ஒன்று கூடுதல். முதல் ஊசியை 6 வாரத்திலேயே போடலாம், போட்டுவிடுவதே நல்லது. ஐந்து வயதுக்குள் எல்லா ஊசியும் போட்டுக்கொண்ட பழங்குடிக் குழந்தைகளின் கணக்கு 95 சதவீதத்தைத் தாண்டிய ஆண்டுகள் உண்டு. ஆனால் அந்த எண் முதல் வருடத் தாமதத்தை மறைத்துவிடும், கிருமி பரவுவதோ அந்த இடைவெளியில்தான். குடும்பம் ஊர் மாறியிருந்தால், எந்த கிளினிக்கிலும் தேசியத் தடுப்பூசிப் பதிவேட்டைத் திறந்து விட்டுப்போன ஊசியை அன்றே போட்டுவிடலாம்.

இன்னொரு சிக்கல், மருந்து கொண்டுபோகும் பெட்டி. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். பாலைவனம் என்றதும் எல்லோரும் வெயிலுக்குப் பயப்படுகிறார்கள். இந்த மருந்துக்கு உறைவதும் பெரிய ஆபத்து. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பேக்கை அப்படியே மருந்துக்குப் பக்கத்தில் வைத்தால் மருந்திலுள்ள அலுமினிய உப்பு திரிந்து வீரியம் போய்விடும். குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை பேக்கை வெளியே வைத்திருந்து, பிறகே அடுக்க வேண்டும்.

ஆனால் குழந்தையின் ஊசியால் பாட்டிக்குக் கிடைக்கும் இந்த மறைமுகக் காவலை அளவுக்கு மீறி நம்பக் கூடாது. நியூமோகாக்கஸில் 90-க்கும் மேற்பட்ட வகைகள். பழங்குடிப் பெரியவர்களைத் தாக்குபவற்றில் பல அந்த ஏழில் இல்லை. 2010-இல் ஆஸ்திரேலியாவின் வடக்கிலுள்ள நார்தர்ன் டெரிட்டரி பகுதியில் பரவத் தொடங்கிய 1-ஆம் வகையும் அப்படித்தான். அதனால் பாட்டிக்கும் தனியாக ஊசி வேண்டும்: பழங்குடியினருக்கு 50 வயதிலிருந்தே அது இலவசம்.