சாஃப்ட் ஸ்விம்பெய்ட் என்றால் என்ன, கொடுவாவுக்கு அதை எப்படிக் கோர்ப்பது?

மீன் வடிவத்தில் வார்த்த மெத்தென்ற ரப்பர் இரைதான் சாஃப்ட் ஸ்விம்பெய்ட். அமெரிக்காவில் ஏரி பாஸ் மீனுக்குப் போடுவார்கள், நம் ராமநாதபுரம் கரையில் அதே வேலைக்குக் கொடுவா இருக்கிறது.

இழுக்கும்போது தட்டையான வாலில் தண்ணீர் மோதி அது இடமும் வலமுமாக அடிக்கும், அந்த அதிர்வைக் கொடுவா தன் பக்கக்கோட்டால் (உடலின் பக்கவாட்டில் ஓடும் உணர்வுக் கோடு) உணர்ந்துவிடும், அதனால் கலங்கல் தண்ணீரிலும் தேடி வரும். அந்த இடத்தில் ஓடுகிற மடவைக் குஞ்சு என்ன அளவோ அதை ஒட்டியே வாங்குங்கள், நான் 3, 4 அங்குலத்தில்தான் தொடங்கச் சொல்வேன்.

கோர்ப்பதுதான் முக்கியம். தூண்டில் முள் இரையின் மூக்கின் நடுவில் நுழைந்து முதுகின் நடுக்கோட்டில் வெளியே வர வேண்டும். சூத்திரம் கோணலான பட்டம் கரணம் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். கோணலாகக் கோர்த்த இரையும் அப்படித்தான் சுழன்று தூண்டில் நரம்பையும் முறுக்கிவிடும். கோணலென்றால் சோம்பல்படாமல் கழற்றித் திரும்பக் கோருங்கள்.

பாக் விரிகுடாப் பக்கம் தேவிபட்டினம், தொண்டியில் கடல்புல் அதிகம். அங்கே வளைந்த கழுத்துள்ள ஆஃப்செட் முள் போட்டு, நுனியை ரப்பர் முதுகுக்குள் லேசாகப் புதைத்துவிட்டால் புல்லில் மாட்டாது, மீன் கவ்வி அமுக்கியதும் நுனி வெளியே வந்துவிடும். அப்புறம், கொடுவாவின் செவுள் மூடி கத்தி மாதிரி, முனையில் தடித்த நரம்பு கட்டாமல் போகாதீர்கள்.

ரீலை வேகமாகச் சுற்றினால்தான் வால் ஆடும் என்று பலர் நினைக்கிறார்கள். நல்ல வால் மெதுவாக இழுத்தாலே ஆடும்.